கப்பல் பாண்டி கட்டிய கயிறு

ஓடைப்பட்டியில் நின்று "பாண்டி!" என்று ஒரு குரல் கொடுத்தால் பதினேழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "கப்பல் பாண்டி!" என்றால் ஒரே ஆள்தான் திரும்புவார். அதுவும் உடனே திரும்ப மாட்டார். இன்னொரு தடவை கூப்பிடட்டும், சுற்றி இருக்கிறவர்கள் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்புவார். அவர்தான் விஜயபாண்டி. மூன்று ஏக்கர் திராட்சை, ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு பொய். அவருடைய ஆஸ்தி மொத்தமும் இவ்வளவுதான்.

பொய்க்கு வயது இருபத்தேழு. கல்யாணத்துக்கு முன்னால் விஜயபாண்டி ஒரு திராட்சை லாரியில் தொற்றிக்கொண்டு எர்ணாகுளம் போய், அங்கே ஒரு பழக்கடையில் மூன்று மாதம் பெட்டி தூக்கினார். கடையிலிருந்து துறைமுகத்துக்குப் பழம் போகும். கேட் வரைக்கும் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கேட்டுக்கு அந்தப் பக்கம் கப்பலின் புகைபோக்கி தெரியும். அவருக்கும் கப்பலுக்கும் இருந்த உறவு அந்தப் புகைபோக்கியோடு சரி.

ஊர் திரும்பிய அன்றைக்கு டீக்கடையில், "எங்கனய்யா போயிருந்த இம்புட்டு நாளா?" என்று கேட்டார்கள். "கொச்சியில, கப்பல்ல..." என்று ஆரம்பித்தார். "கப்பல்ல போற பழக்கடையில" என்று முடித்திருக்க வேண்டும். அதற்குள் பெஞ்சில் இருந்த ஒரு பெரிய மனுஷர் எழுந்து அவருக்கு இடம் கொடுத்துவிட்டார். மரியாதையாக எழுந்தவரை மறுபடி உட்காரச் சொல்லவா முடியும்? விஜயபாண்டி உட்கார்ந்துவிட்டார். இருபத்தேழு வருஷமாக அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் மூன்று வருஷமாக வளர்ந்தது. மயிலாடும்பாறைக்குப் பெண் பார்க்கப் போனபோது, "கப்பல் மாப்பிள்ளை வந்திருக்காக" என்று தெருவே கூடி நின்றது. மாயக்காளும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். டிவியில் புயல் என்றால் டீக்கடையில் இவரைத்தான் கேட்பார்கள். "அது மேக்க திரும்பிரும்" என்பார். அது கிழக்கே போய்விட்டால், "கப்பல் கணக்குல அதுதான் மேக்கு" என்பார். கடலே இல்லாத ஊரில் யார் போய் அளந்து பார்ப்பது?

இத்தனைக்கும் மனுஷனுக்குத் தண்ணீர் என்றால் உயிர் போகும். சுருளி அருவிக்குப் போனால் ஊரெல்லாம் அருவியில் நிற்கும். இவர் ஓரமாகச் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வார். தேக்கடிக்குக் குடும்பத்தோடு போன அன்றைக்கு, "கடல்ல கெடந்தவனுக்கு இந்தக் குட்டையில என்னத்தா இருக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்று படகில் ஏறாமல் கரையில் உட்கார்ந்து குரங்கு பார்த்தார். மாயக்காள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்பது கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் அவருக்குத் தெரியவில்லை.

வினை மகள் உருவத்தில் வந்தது. சினேகா பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஏதோ ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, கொச்சியில் கப்பல் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். நாலு வருஷம் படித்தால் கப்பலிலேயே வேலை. ஓடைப்பட்டியிலிருந்து ஒரு பெண் கப்பலுக்குப் போவது இதுதான் முதல் தடவை. ஒரு கணக்கில் பார்த்தால் ஆணுக்கும் இதுதான் முதல் தடவை.

விஜயபாண்டி கணக்குப் போட்டுப் பார்த்தார். மகள் கப்பலுக்குப் போனால் கப்பலைப் பற்றித் தெரிந்துகொள்வாள். தெரிந்துகொண்டால் லீவுக்கு வருவாள். வந்தால் கேள்வி கேட்பாள்.

"வேணாம்" என்றார்.

"ஏம்ப்பா?"

"மூணு வருசம் கடல்ல கெடந்தவன் சொல்றேன், பொம்பளப் புள்ளைக்கு அது ஆகாது. அலை வந்துச்சுன்னா ஆளை வீட்டு ஒசரத்துக்குத் தூக்கும். ஒரு நாளு சமையக்கட்டுல இருந்த அண்டாவே என் தலைக்கு மேல பறந்துச்சு."

"அண்டா பறந்தப்ப நீங்க என்னப்பா பண்ணுனீங்க?"

"குனிஞ்சுக்கிட்டேன்."

சினேகா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. விஜயபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பட்டினி கிடப்பது ஒரு பக்கம், பறக்காத அண்டா ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து தொண்டையில் நின்றன.

மறுநாள் காலையில் மாயக்காள் காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். கப்பல் தெரிஞ்சவுக நீங்க. எனக்கென்ன தெரியும்?"

"அப்படிச் சொல்லு!"

"வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை நம்ம கல்யாண நாளு. இருவத்தஞ்சு வருசம். கொச்சியில சாயங்காலமாக் கப்பல்ல ஏத்தி, கடலைச் சுத்திக் காட்டி, ராத்திரிச் சோறும் போட்டு எறக்கி விடுறாகளாம். என்னை ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. நீங்க சொன்ன கஷ்டத்தை என் கண்ணால பாத்துக்கிறேன். பாத்துட்டு நானே சினேகாகிட்ட வேணாம்னு சொல்லிப்புடுறேன்."

"இம்புட்டுத்தானா? இதுக்கா யோசிச்ச? போவோம்!" என்று சொல்லிவிட்டார். காபியை ஒரு வாய் குடித்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பதே உறைத்தது.

அன்றிலிருந்து அவர் பட்ட பாடு! முதலில் முழங்கால் வலி என்று நொண்டினார். "கப்பல்ல உக்காந்துதானே போறோம்? நடந்தா போகப் போறோம்?" என்றாள் மாயக்காள். அப்புறம் காய் கனிகிற நேரம், தோட்டத்தை விட்டு வர முடியாது என்றார். அவள் தன் தம்பி ராஜபாண்டியைக் காவலுக்கு வரச் சொல்லிவிட்டாள். கடைசியில் சனிக்கிழமை குச்சனூருக்குப் போய், சனீஸ்வரன் சந்நிதியில் எள் விளக்குப் போட்டு மழை வேண்டிக்கொண்டார். பழுக்கிற சமயத்தில் திராட்சைக்காரன் எவனாவது மழை கேட்பானா? விஜயபாண்டி கேட்டார். "ஓடைப்பட்டியில வேணாம் சாமி. கொச்சியில மட்டும். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும்." பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

சினேகாவையும் கூட்டிக்கொண்டு, கம்பம், குமுளி, மலைப்பாதை என்று பஸ்ஸில் வளைந்து வளைந்து வந்ததிலேயே அவர் பாதி ஆளாகியிருந்தார். படகுத்துறையில் நின்றது உண்மையில் கப்பல் இல்லை, இரண்டு மாடி வைத்த பெரிய படகு. விஜயபாண்டிக்கு அது மலை மாதிரி தெரிந்தது. மேல்தட்டில் சீரியல் பல்பு, நாற்காலி, மைக். கீழே பரோட்டா வாசனை. துறையில் நின்ற ஒரு ஆள், "ஸ்ராங்கு வந்நிட்டு எடுக்காம்" என்று, படகு எப்போது கிளம்பும் எனக் கேட்ட யாரிடமோ சொன்னான்.

"ஸ்ராங்குன்னா என்னங்க?" என்று மாயக்காள் கேட்டாள்.

"அது ஒரு மீனு" என்றார் விஜயபாண்டி, கண் இமைக்காமல். "அது வந்து சேந்தாத்தான் சமையல் ஆரம்பிப்பாக. அப்புறந்தான் கெளம்பும்."

ஐந்து நிமிஷத்தில் அந்த மீன் காக்கிச் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு விசிலோடு வந்து படகின் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தது. படகு ஓட்டுகிறவருக்குத்தான் அங்கே ஸ்ராங்கு என்று பேர். சினேகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார்.

ஏறியதும் அவர் முதலில் செய்த காரியம், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்றை எடுத்து வெள்ளைச் சட்டைக்கு மேலே மாட்டி, எல்லா வாரையும் இழுத்துக் கட்டியதுதான். அறுபது பேரில் வேறு நாலு பேர்தான் அதைப் போட்டிருந்தார்கள். நாலும் பால்குடி மறந்து இரண்டு வருஷம் ஆகாத பிள்ளைகள்.

"நீங்க மட்டும் ஏங்க இதைப் போட்டிருக்கீக?"

"கப்பல் சட்டம் அது. இவுகளுக்கெல்லாம் தெரியாது."

படகு கிளம்பியதும் விஜயபாண்டி மேல்தட்டில் ஒரு இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்தார். சூரியன் இறங்குவதை எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அவர் கண்ணை மூடியிருந்தார். கரையோரச் சீன மீன்வலை தெரிகிறது என்று கை நீட்டினார்கள். அவர் தூணைப் பார்த்தார். மாயக்காள் தட்டில் பரோட்டாவும் கரிமீன் வறுவலும் வாங்கி வந்தாள். ஒரு கை தூணில், ஒரு கை தட்டில்.

"அந்தத் தூணை விட்டுட்டுச் சாப்புடுங்களேன். அது எங்கயும் போகாது."

"கப்பல்ல இப்படித்தான் சாப்புடுவோம்."

"மூணு வருசமும் இப்படியேவா?"

"ஆமா."

"அப்ப எப்படிங்க வேலை பாத்தீக?"

அவர் கரிமீனில் முள் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

அப்போதுதான் சினேகா பக்கத்தில் வந்து நின்றாள். காற்றில் முடி பறக்க, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். இத்தனை நேரமும் ஸ்ராங்கு பக்கத்தில் நின்று, அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்பா, சின்ன வயசுல தூங்க வைக்கிறப்ப நீங்க கப்பல் கதையாச் சொல்லுவீங்கள்ல? கப்பல்னு எனக்கு ஆசை வந்ததே அதுலதாம்ப்பா. நீங்க இருந்த கப்பலுக்குப் பேரு என்னப்பா?"

விஜயபாண்டிக்குக் காது மடல் சுட்டது. இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் கப்பலின் பேரைக் கேட்டதில்லை. மகளைப் பார்த்தார். நான் சொன்ன பொய்யைக் கேட்டுத்தான் இவளுக்கு ஆசை வந்தது. அதே பொய்யை வைத்துத்தான் அந்த ஆசையில் மண்ணையும் போடுகிறேன். என்ன மனுஷன் நான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைக்கூடத் திறந்தார்.

"பெரிய கப்பலும்மா" என்றார்.

அதற்குள் மாயக்காள் போய் வேலையைக் காட்டியிருந்தாள். மைக் வைத்திருந்தவனிடம், "எங்க வீட்டுக்காரரு கப்பல்ல மூணு வருசம் இருந்தவுக" என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். மைக் அலறியது. "நம்மோடு இன்று ஒரு பழைய கப்பல்காரர் இருக்கிறார்! தேனியிலிருந்து! எல்லாரும் கை தட்டுங்க!" அறுபது பேரும் தட்டினார்கள். ஸ்ராங்கு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பதிலுக்குச் சல்யூட் அடிக்க வேண்டுமானால் தூணை விட வேண்டும். விஜயபாண்டி தலையை மட்டும் ஆட்டினார்.

எட்டு மணிக்குப் படகு துறையை நெருங்கியது. அது தொட்டதோ இல்லையோ, பொங்கலுக்கு ஊர் வந்த ஆள் பஸ்ஸிலிருந்து குதிக்கிற மாதிரி விஜயபாண்டி முதல் ஆளாகக் குதித்துவிட்டார். காலுக்குக் கீழே ஆடாத தரை. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள் ஸ்ராங்கு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"சாரே! நிங்ஙள் கப்பல்காரன் அல்லே? கயறு நிங்ஙள் கெட்டு!"

கயிற்றின் முனை பறந்து வந்து அவர் மார்பில் விழுந்தது. பழைய கப்பல்காரருக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை. மறுபடியும் கைதட்டல். பின்பக்கத்துக் கயிற்றைக் கட்ட வேண்டிய ஆள்கூட, கயிற்றை வைத்துவிட்டுக் கை தட்டினான். ஸ்ராங்கு நம்பிக்கையோடு இன்ஜினை அணைத்தார்.

எதிரே ஒரு இரும்புக் கட்டை. கையில் கயிறு. யோசிக்க நேரமில்லை. விஜயபாண்டியின் கை தனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டது. பந்தல் கம்பியில் திராட்சைக்கொடியைக் கட்டுகிற முடிச்சு. அதை இறுக்கவே கூடாது. கொடி பருக்கும்போது கழுத்து நெரியாமல், இழுத்த பக்கம் இளகிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டில் ஓடைப்பட்டியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அன்றைக்கும் அருமையாகக் கட்டினார்.

படகு இழுத்தது. கட்டு இளகிக் கொடுத்தது. இன்னும் இழுத்தது. இன்னும் கொடுத்தது. ஏறிய கடல் தண்ணீர் வடிகிற நேரம் வேறு. ஒரு சாண் இடைவெளி ஒரு முழமாகி, பத்தடியாகி, கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அறுபது பேர் படகில். விஜயபாண்டி மட்டும் கரையில், ஆரஞ்சுச் சட்டையோடு.

மாயக்காள் கம்பி ஓரத்தில் வந்து நின்றாள். பக்கத்தில் சினேகா.

"என்னங்க! கப்பல்ல இப்படித்தான் கட்டுவீகளா?"

"இது கொடிக்கட்டு!"

"கேக்கலங்க! சத்தமாச் சொல்லுங்க!"

"திராட்சைக்கொடி கட்டுற கட்டு! எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்!"

"அப்ப அந்த மூணு வருசம்?"

"மூணு மாசம்!"

"மூணு மாசமும் கப்பல்லயா?"

படகில் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு திண்டுக்கல் குடும்பம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மலையாளத்தில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். இப்போதும் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்குத் தெரியாத பொய்யா? ஆனால் சினேகாவின் முகத்தைப் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் எனக்கு ஒரு இடம் வேணும்னு பெத்த பிள்ளை படிப்பைக் கெடுக்கிறதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"துறைமுகத்துக் கேட்டுக்கு வெளிய!" என்று கத்தினார். "பழக்கடையில பெட்டி தூக்குனேன்! கப்பலுக்குள்ள கால் வச்சதே இல்ல! அண்டாவும் பறக்கல, ஒண்ணும் பறக்கல! எல்லாம் பொய்யி!"

திண்டுக்கல் குடும்பம் மொழிபெயர்த்தது. "அய்யோ" என்று ஒரு மலையாள அம்மா கன்னத்தில் கை வைத்தாள்.

"அப்பப் புள்ளை கப்பலுக்குப் படிக்கலாமா, வேணாமா?"

"படிக்கட்டும்! தாராளமாப் படிக்கட்டும்! எம்பேச்சைக் கேக்காதீக! எனக்கு ஒரு எழவும் தெரியாது!"

கைதட்டல் எழுந்தது. அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான். விஜயபாண்டிக்கு மட்டும் அது ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஸ்ராங்கு இன்ஜினைப் போட்டுப் படகைத் திருப்பிக் கொண்டுவந்து, இந்தத் தடவை கயிற்றைத் தன் ஆளிடமே கொடுத்தார்.

இறங்கிப் போகிறவர்கள் ஒவ்வொருவராக அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. சினேகா வந்து, "அப்பா, இதைத் திருப்பிக் குடுக்கணும்" என்று மிதவைச் சட்டையின் வாரை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சின்னப் பிள்ளைக்குக் கழற்றுகிற மாதிரி மெதுவாகக் கழற்றினாள். அவருக்குக் கண் கலங்கியது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

"விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சட்டையைக் கொடுக்கப் போனாள்.

விஜயபாண்டி மனைவி பக்கம் திரும்பினார். ஒரு தகப்பனுக்குரிய கம்பீரம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையிலயே காலேஜுக்குப் போயிருவோம். எங்கன கையெழுத்துப் போடணுமோ, அங்கன போடுறேன்."

"அதெல்லாம் வேணாங்க. நானே போட்டு, சேத்து, பன்னெண்டு நாளாச்சு."

விஜயபாண்டி விரல் விட்டுப் பின்னால் எண்ணினார்; அவர் 'வேணாம்' என்று சொன்ன மறுநாளில் போய் நின்றது.

"அடிப்பாவி! அப்ப என்னை எதுக்குக் கப்பல்ல ஏத்துன?"

"கல்யாண நாளுக்குத்தாங்க. இருவத்தஞ்சு வருசமா அதை உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு ஒரு ஆசை."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, உனக்குத் தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு. இந்தப் புள்ளை முன்னாடி என்னை இப்படி அசிங்கப்படுத்திட்டியே? அது என்னை எம்புட்டுப் பெருசா நெனச்சுக்கிட்டு இருந்துச்சு!"

மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"காலேஜ் பாரத்துல, 'வீட்டில் யாராவது கப்பலில் வேலை பார்த்தது உண்டா?'ன்னு ஒரு கேள்வி இருந்துச்சுங்க. நான் உங்க பேரை எழுதச் சொன்னேன். உங்க மகதான், 'பொய் எழுதுனா சீட்டு போயிரும்மா'ன்னு 'இல்லை'ன்னு எழுதுனா."